சொட்டு மருந்து கொடுத்தாச்சு, அப்புறம் எதற்கு ஊசி?

பாலக்கோடு பேருந்து நிலையத்தில் ஓசூர் பஸ்ஸுக்காக உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் ஓர் இளம்பெண், மடியில் ஏழு மாதக் குழந்தை. கணவருக்குப் பெங்களூரில் கட்டட வேலையாம். ஊர்த் திருவிழாவுக்கு வந்துவிட்டுத் திரும்புகிறார்கள். "பையனுக்குத் தடுப்பூசி எல்லாம் போட்டாச்சாம்மா?" என்று கேட்டேன். "ரெண்டு தடவை சொட்டு மருந்து குடுத்துட்டோங்க. அதோட எல்லாம் முடிஞ்சிதுங்களே" என்றார்.

அக்கறை இல்லாதவர் அல்ல அவர். பேசிக்கொண்டிருக்கும்போதே பிள்ளை முகத்தில் வெயில் படாமல் முந்தானையை மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டிருந்தார். கோளாறு நாம் பேசுகிற விதத்தில் இருக்கிறது. எல்லாவற்றையும் "ஊசி" என்கிறோம், "சொட்டு மருந்து" என்கிறோம். எது எந்த நோய்க்கு என்று யாரும் பிரித்துச் சொல்வதில்லை. அதனால் ஒன்று கொடுத்தால் எல்லாம் கொடுத்த மாதிரி ஆகிவிடுகிறது. போலியோ சொட்டு மருந்து போலியோ என்ற இளம்பிள்ளை வாதத்தை மட்டுமே தடுக்கும். தட்டம்மைக்கும் தொண்டை அடைப்பானுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

இதை அடியிலிருந்து பார்ப்போம்.

## ராகிக் கொல்லையும் யானைத் தடமும்

தளி, ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை பக்கம் இருப்பவர்களுக்கு இது சொல்லாமலே தெரியும். ராகி அறுவடைக் காலத்தில் கர்நாடகக் காடுகளிலிருந்து யானைக் கூட்டம் இறங்கும். யானையையே பார்த்திராத ஓர் ஊருக்குள் அது முதன்முதலாக நுழைகிறது என்று வையுங்கள். எந்த வழியாக வரும், எதைக் கண்டால் விலகும், எங்கே நின்று சத்தம் போட வேண்டும் என்று ஒருவருக்கும் தெரியாது. ஆட்களைத் திரட்டி விரட்டுவதற்குள் கொல்லை போய்விடும். அடுத்த முறை அதே ஊர் வேறு மாதிரி இருக்கும். பரண் கட்டியிருப்பார்கள், பட்டாசும் டார்ச்சும் கையில் இருக்கும். தடத்தைப் பார்த்த உடனே ஊரே எழுந்துவிடும்.

நம் உடம்பும் இப்படித்தான். ரத்தத்தில் உள்ள வெள்ளை அணுக்கள்தான் காவல்காரர்கள். ஒவ்வொரு கிருமியின் மேலும் அதற்கே உரிய அடையாளம் ஒன்று இருக்கும். அதற்கு ஆன்டிஜென் என்று பெயர். யானையின் தடம் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த அடையாளத்தைப் பிடித்து அதற்கேற்றபடி உடம்பு செய்கிற ஆயுதம் எதிர்ப்பொருள். ஒரு கிருமிக்குச் செய்த எதிர்ப்பொருள் வேறொரு கிருமியின் மேல் பொருந்தாது. ஒரு சொட்டு மருந்து எல்லா நோயையும் தடுக்காததற்குக் காரணம் இதுதான்.

முதல் முறை கிருமி நுழையும்போது சரியான எதிர்ப்பொருளைச் செய்து குவிக்க உடம்புக்கு ஒன்று இரண்டு வாரம் ஆகும். அந்த இடைவெளியில்தான் சில நோய்கள் பிள்ளையின் உயிரை எடுத்துவிடுகின்றன. பிழைத்துவிட்டால், அந்த அடையாளத்தை மறக்காத சில அணுக்கள் உடம்பில் தங்கும். இவை நினைவுச் செல்கள். அதே கிருமி மறுபடி வந்தால் பெரும்பாலும் நோய் முற்றுவதற்கு முன்பே அடித்துவிடும்.

தடுப்பூசி செய்வது ஒன்றே ஒன்றுதான். யானையை ஊருக்குள் விடாமல் தடத்தை மட்டும் காட்டி ஊரைத் தயார்ப்படுத்துகிறது.

தடத்தைக் காட்டப் பல வழிகள் உண்டு. தட்டம்மை, காசநோய், ரோட்டா (குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு உண்டாக்கும் கிருமி) தடுப்பு மருந்துகளிலும் போலியோ சொட்டு மருந்திலும் இருப்பது உயிருள்ள கிருமிதான். ஆனால் நோய் உண்டாக்கும் பலம் போகும்படி வளர்க்கப்பட்டது. போலியோ ஊசியில் இருப்பது செத்த கிருமி. மஞ்சள் காமாலை பி ஊசியில் கிருமியே கிடையாது, அதன் மேலுறையின் ஒரு துணுக்கு மட்டும் இருக்கிறது. ரண ஜன்னிக்கும் தொண்டை அடைப்பானுக்கும் வேறு வழி. அந்த நோய்களில் ஆளைக் கொல்வது கிருமி கக்குகிற நஞ்சு. அதனால் நஞ்சையே எடுத்து, அதன் விஷத்தைப் போக்கி, உருவத்தை மட்டும் வைத்து ஊசியாக்குகிறார்கள். இதை டாக்ஸாய்டு என்பார்கள்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கிச் சொன்னால்: தடுப்பூசி நோயைக் குணப்படுத்தும் மருந்து அல்ல, நோய் வருவதற்கு முன்பே உடம்புக்குக் கொடுக்கும் பயிற்சி. ஒவ்வொரு நோய்க்கும் தனிப் பயிற்சி வேண்டும்.

## ஒரே ஊசியை ஏன் மூன்று தடவை?

"போன மாசம்தானே போட்டாங்க, மறுபடியுமா?" என்று சலித்துக்கொள்கிற அப்பாக்களை எனக்குத் தெரியும். நானும் ஒரு காலத்தில் கேட்டிருக்கிறேன்.

பென்டாவேலன்ட் என்ற ஊசியை எடுத்துக்கொள்வோம். ஐந்து நோய்களுக்கான தடுப்பு ஒரே ஊசியில் இருக்கிறது: தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரண ஜன்னி, மஞ்சள் காமாலை பி, ஹிப் என்ற கிருமியால் வரும் நிமோனியாவும் மூளையுறைக் காய்ச்சலும். தமிழ்நாட்டிலும் கேரளாவிலும்தான் 2011 டிசம்பரில் இது இந்தியாவிலேயே முதலில் அரசுத் திட்டத்துக்கு வந்தது. பிறந்து 6, 10, 14 வாரங்களில் போடுகிறார்கள். செத்த கிருமியும் துணுக்குகளும் உடம்பில் பெருகுவதில்லை. ஒரு தடவை காட்டினால் நினைவு லேசாகத்தான் பதியும். நாலு வாரம் விட்டு மறுபடி காட்டும்போது அழுத்தமாகும், மூன்றாம் தடவை நிலைக்கும். பிள்ளைக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுப்பது போலத்தான். ஒரு நாள் சொல்லிவிட்டு நிறுத்தினால் நிற்குமா?

தட்டம்மை ஊசிக்கு இரண்டாவது தவணை இருப்பதற்குக் காரணம் வேறு. 9 மாதத்தில் முதல் ஊசி போட்ட 100 குழந்தைகளில் சுமார் 85 பேருக்குத்தான் அது பிடிக்கும். மீதி 15 பேர் ஊசி போட்டும் போடாதவர்கள் மாதிரியே இருப்பார்கள். யார் அந்த 15 என்று வெளியே தெரியாது. அதனால் 16 முதல் 24 மாதத்துக்குள் எல்லோருக்கும் மறுபடி போடுகிறார்கள். அந்த இரண்டாவது ஊசி, விட்டுப்போன 15 பேருக்கான மறுவாய்ப்பு.

சரி, அதை ஏன் பிறந்தவுடனே போடக் கூடாது? வயிற்றில் இருக்கும்போதே அம்மா தன் எதிர்ப்பொருளில் கொஞ்சத்தைப் பிள்ளைக்குக் கொடுத்தனுப்புகிறாள். கட்டுச்சோறு மாதிரி. அது இருக்கும் வரை தட்டம்மை ஊசி போட்டால், பிள்ளையின் உடம்பு பார்த்துப் பழகுவதற்கு முன்பே அம்மாவின் எதிர்ப்பொருள் அந்தப் பலவீனமான கிருமியைத் தீர்த்துவிடும். பயிற்சி நடக்காது. 9 மாதம் நெருங்கும்போது கட்டுச்சோறு பெரும்பாலும் தீர்ந்திருக்கும். அட்டையில் எழுதியிருக்கும் தேதிகள் சும்மா நர்சம்மா வசதிக்காகப் போட்டவை அல்ல.

## பிறந்த அன்று தொடங்கி

தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களிலும் இப்போது அநேகமாக எல்லாப் பிரசவமும் ஆஸ்பத்திரியில்தான். அங்கேயே மூன்று கொடுத்துவிடுவார்கள்: காசநோய்க்கான பிசிஜி ஊசி, மஞ்சள் காமாலை பி ஊசி, போலியோ சொட்டு மருந்து.

மஞ்சள் காமாலை பி ஊசியை 24 மணி நேரத்துக்குள் போட வேண்டும் என்று அவசரப்படுவதில் அர்த்தம் இருக்கிறது. அம்மாவுக்கே தெரியாமல் அவள் ரத்தத்தில் அந்தக் கிருமி இருக்கலாம், பிரசவத்தின்போது பிள்ளைக்குத் தொற்றலாம். பெரியவர்களுக்குத் தொற்றினால் பெரும்பாலோருக்குத் தானாகவே விலகிவிடும். பிறக்கும்போதே தொற்றிய குழந்தைகளில் 100-க்கு 90 பேருக்கு அது ஆயுளுக்கும் தங்கி, பின்னாளில் கல்லீரலைச் சுருக்கிவிடும், புற்றுநோய் வரைக்கும் கொண்டுபோகும்.

பிசிஜி பற்றி ஒரு தப்பெண்ணம் உண்டு. "பிசிஜி போட்ட ஆளுக்கே டிபி வந்திருக்கே" என்பார்கள். வரும். செங்கல்பட்டு வட்டாரத்தில் 1968-ல் தொடங்கிய மிகப் பெரிய ஆய்விலேயே, பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை பிசிஜி தடுக்கவில்லை என்று தெரிந்துபோனது. ஆனால் கைக்குழந்தைகளுக்குக் காசநோய் மூளையுறையில் பரவுவதையும் உடம்பெங்கும் சிதறுவதையும் அது நன்றாகத் தடுக்கிறது. அதற்காகத்தான் போடுகிறார்கள். போட்ட இடம் சில வாரம் கழித்துக் கொப்புளமாகி, உடைந்து, ஆறி வடுவாகும். மஞ்சளோ களிம்போ எதுவும் தடவ வேண்டாம்.

6, 10, 14 வாரங்களில் பென்டாவோடு போலியோ சொட்டும், வயிற்றுப்போக்கைத் தடுக்கும் ரோட்டா மருந்தும் சேரும். 6, 14 வாரங்களில் போலியோ ஊசியும், நியூமோகாக்கஸ் நிமோனியாவுக்கான ஊசியும் உண்டு. இந்தக் கடைசி இரண்டுக்கும் 9 மாதத்தில் இன்னொரு தவணை இருக்கிறது. போலியோவுக்குச் சொட்டும் ஊசியும் இரண்டும் எதற்கு என்றால், சொட்டு மருந்து குடலில் காவல் வைக்கிறது, ஊசி ரத்தத்தில் காவல் வைக்கிறது. போலியோ கிருமி வாய் வழியாகப் போய்க் குடலில் பெருகி, பிறகுதான் நரம்பைத் தாக்குகிறது.

ஜப்பானிய மூளைக்காய்ச்சல் ஊசி எல்லா மாவட்டத்திலும் கிடையாது. நோய் காணப்படும் மாவட்டங்களில் மட்டும் போடுவார்கள். உங்கள் பகுதியில் உண்டா என்று கிராம சுகாதார செவிலியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டு நோய்களைப் பற்றி மட்டும் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். இன்றைய பெற்றோர் பலரும் அவற்றைக் கண்ணால் பார்த்ததில்லை.

ஒன்று தொண்டை அடைப்பான். தொண்டைக்குள் சாம்பல் நிறத்தில் தோல் போல ஒரு படலம் வளரும். பிள்ளை மூச்சுக்குத் திணறும். அந்தக் கிருமியின் நஞ்சு ரத்தத்தில் கலந்து இதயத்தைத் தாக்கும். தொண்டை சரியாகி வரும் சமயத்திலேயே இதயம் நின்று இறந்த பிள்ளைகள் உண்டு.

இன்னொன்று ரண ஜன்னி. இதன் கிருமி மண்ணிலும் சாணத்திலும் விதை போலப் பல ஆண்டுகள் கிடக்கும். வீட்டில் பிரசவம் பார்த்து, கைக்குக் கிடைத்த பிளேடில் தொப்புள்கொடியை அறுத்த காலத்தில், பிறந்த சில நாளிலேயே பிள்ளை பால் குடிக்க முடியாமல் தாடை இறுகி, வில்லாக வளைந்து போய்விடும். கர்ப்பிணிகளுக்கு ஊசி போடுவது அம்மாவுக்காக மட்டும் அல்ல. அவளுக்குள் உண்டாகும் எதிர்ப்பொருள் கட்டுச்சோறாகப் பிள்ளைக்குப் போகிறது. பச்சிளங்குழந்தைகளின் ரண ஜன்னியை நம் நாடு ஒழித்துவிட்டதாக 2015-ல் அறிவித்தார்கள். ஆனால் மண்ணில் கிருமி அப்படியேதான் இருக்கிறது.

## "அம்மை ஊசி போட்டும் அம்மை போட்டிருக்கே"

இதில் நம் மொழிக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. உடம்பில் முத்து முத்தாகவோ தடிப்பாகவோ எது வந்தாலும் "அம்மை" என்கிறோம். கன்னம் வீங்கினாலும் தாளம்மை. ஆனால் இவை வெவ்வேறு கிருமிகளால் வரும் வெவ்வேறு நோய்கள்.

பெரியம்மை இன்று உலகில் எங்கும் இல்லை. இந்தியாவில் கடைசியாக வந்தது 1975-ல். 1980-ல் உலகமே அதிலிருந்து விடுபட்டதாக அறிவித்தார்கள். நம் பாட்டிமார் தோளில் இருக்கிற பெரிய வட்ட வடு, "அம்மை குத்தினது" என்பார்களே, அது அதற்குப் போட்டது.

அரசு மருத்துவமனையில் 9 மாதத்தில் போடும் எம்ஆர் ஊசி இரண்டு நோய்களுக்கு மட்டும்: மணல்வாரி என்கிற தட்டம்மை, அப்புறம் ரூபெல்லா. நீர்க்கொப்புளம் வரும் சின்னம்மையையோ, பொன்னுக்கு வீங்கி என்கிற தாளம்மையையோ இது தடுக்காது. அவற்றுக்கும் ஊசிகள் இருக்கின்றன, தனியாரிடம் பணம் கொடுத்துப் போடலாம். அரசுத் திட்டத்தில் அவை இல்லை. ஆகவே எம்ஆர் போட்ட பிள்ளைக்குச் சின்னம்மை வந்தால் ஊசி தோற்றுவிட்டது என்று பொருள் இல்லை. அது வேறு யானை.

தட்டம்மையைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். நிமோனியா, கடும் வயிற்றுப்போக்கு, மூளைக்காய்ச்சல், சத்துக்குறைவான பிள்ளைகளுக்குப் பார்வை இழப்பு என்று அது விட்டுப்போகும் சேதம் பெரிது. இன்னொரு கொடுமையும் செய்யும். மற்ற நோய்களுக்கு எதிராக உடம்பு சேர்த்து வைத்திருந்த நினைவுச் செல்களையும் அழித்துவிடும். ஊர்க்காவல் மொத்தத்தையும் புதிதாகத் தொடங்க வேண்டிவரும்.

ரூபெல்லா பிள்ளைகளுக்கு லேசாக வந்து போய்விடும். கர்ப்பத்தின் முதல் மாதங்களில் ஒரு பெண்ணுக்குத் தொற்றினால்தான் ஆபத்து. பிறக்கும் குழந்தை காது கேளாமல், கண்ணில் புரையோடு, இதயத்தில் ஓட்டையோடு பிறக்கலாம். 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் 15 வயது வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் எம்ஆர் போட்டபோது, வாட்ஸ்அப்பில் வந்த வதந்தியை நம்பிப் பலர் பிள்ளைகளைப் பள்ளிக்கே அனுப்பாமல் வைத்துக்கொண்டார்கள். அன்று பள்ளியில் இருந்த பெண் பிள்ளைகளில் பலர் இன்று தாயாகும் வயதில் இருக்கிறார்கள்.

வீட்டில் அம்மை கண்டால் வேப்பிலை கட்டி மாரியம்மனை வேண்டுவது நம் வழக்கம். வேண்டிக்கொள்ளுங்கள். அதற்கும் ஊசிக்கும் சண்டை இல்லை. கூடவே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் தகவல் சொல்லிவிடுங்கள்.

## வேலியில் ஓர் இடைவெளி

"எல்லாரும்தான் போட்டுக்கிறாங்களே, என் பிள்ளை ஒருத்தன் போடலைன்னா என்ன?" இந்தக் கேள்விக்கு விடை சோலார் வேலியில் இருக்கிறது. காட்டோரம் பத்து கிலோமீட்டர் வேலி போட்டு, ஒரே இடத்தில் பத்தடி விட்டுவிட்டால் யானை அந்தப் பத்தடியைத்தான் தேடி வரும்.

தட்டம்மை வந்த ஒருவர், எதிர்ப்பு இல்லாத கூட்டத்தில் இருந்தால் 12 முதல் 18 பேருக்குப் பரப்புவார். அவர் இருமிவிட்டுப் போன அறையின் காற்றில்கூட 2 மணி நேரம் வரை கிருமி இருக்கும். ஊரில் 100-க்கு 95 பேருக்கு எதிர்ப்பு இருந்தால் கிருமிக்கு அடுத்த ஆள் கிடைக்காது, சங்கிலி அறுந்துவிடும். இதற்குச் சமூக நோய் எதிர்ப்பு என்று பெயர். 9 மாதம் ஆகாத பிள்ளைகளும், புற்றுநோய் சிகிச்சையில் இருந்து ஊசி போட முடியாத பிள்ளைகளும் நம்பியிருப்பது இந்த வேலியைத்தான்.

மாவட்டக் கணக்கில் 95 பேர் என்று இருக்கலாம். ஆனால் மீதி ஐந்து பேர் ஒரே மலைக்கிராமத்திலோ, ஒரே செங்கல் சூளையிலோ, ஓசூரில் வெளிமாநிலத் தொழிலாளர் தங்கும் ஒரே வரிசை வீட்டிலோ இருந்தால், வேலியில் அங்கே ஓட்டை விழுந்துவிட்டது.

ரண ஜன்னிக்கு இந்த வேலிப் பாதுகாப்பே கிடையாது. அது ஆளுக்கு ஆள் தொற்றுவதில்லை, மண்ணிலிருந்து நேராக வருகிறது. ஊரில் மற்ற எல்லோரும் ஊசி போட்டிருந்தாலும், போடாத பிள்ளை காலில் ஆணி குத்தினால் அவன் தனியாள்தான்.

சுருக்கம் இது: தொற்றுகிற நோய்களில் ஊசி போட்ட பிள்ளை பக்கத்து வீட்டுப் பிள்ளையையும் காக்கிறது. ரண ஜன்னியில் அவரவருக்குப் போட்டதுதான் அவரவருக்கு.

## காய்ச்சல் வந்துவிட்டதே

பென்டா போட்ட இரவு பிள்ளை சூடாகி அழுவது பல வீடுகளில் நடக்கும். தொடை வீங்கியிருக்கும். இது பெரும்பாலும் கக்குவான் இருமலுக்கான பகுதியால் வருவது. காவல்காரர்கள் தடத்தைப் பார்த்து எழுந்துவிட்டார்கள் என்பதன் சூடு அது, ஒன்றிரண்டு நாளில் இறங்கிவிடும். செவிலியர் சொன்ன அளவில் பாராசிட்டமால் கொடுத்து, தாய்ப்பாலைத் தொடர்ந்து கொடுத்தால் போதும். காய்ச்சல் வராத பிள்ளைக்கும் ஊசி பிடித்திருக்கும்.

போட்ட பிறகு அரைமணி நேரம் அங்கேயே இருக்கச் சொல்வதைத் தட்டாதீர்கள். மிக அரிதாக வரும் கடும் ஒவ்வாமை பெரும்பாலும் அந்த நேரத்துக்குள்தான் தெரியும், அதற்கான மருந்து அங்கேயே தயாராக இருக்கும். வலிப்பு வந்தாலோ, பிள்ளை துவண்டாலோ, இடைவிடாமல் மணிக்கணக்கில் அழுதாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

சளி, லேசான காய்ச்சல், லேசான பேதி இருந்தால் ஊசியைத் தள்ளிப்போடத் தேவையில்லை. முன்பு அதே ஊசிக்குக் கடும் ஒவ்வாமை வந்திருந்தாலோ, எதிர்ப்புச் சக்தியைப் பாதிக்கும் நோய் இருந்தாலோ மருத்துவரிடம் முதலிலேயே சொல்ல வேண்டும்.

ஆட்டிசம் வரும் என்ற பேச்சு 1998-ல் இங்கிலாந்தில் வெளியான ஒரு கட்டுரையிலிருந்து கிளம்பியது. அதை வெளியிட்ட மருத்துவ இதழே 2010-ல் திரும்பப் பெற்றுக்கொண்டது. பிறகு டென்மார்க்கில் 6 லட்சத்து 57 ஆயிரம் பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்து, 2019-ல் முடிவை வெளியிட்டார்கள். ஊசி போட்டவர்களுக்கு ஆட்டிசம் கூடுதலாக வரவில்லை.

## தவணை தவறிவிட்டால்

எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான். ஒரு தவணை தவறியதும் "நர்சம்மா திட்டுவாங்க" என்று போகாமலே இருந்துவிடுகிறவர்கள் நிறையப் பேர். தவறினால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. நினைவுச் செல்கள் காத்திருக்கும், விட்ட இடத்திலிருந்து தொடரலாம். தாமதமான நாட்களுக்குப் பாதுகாப்பு குறைவு, அவ்வளவுதான். ஆனால் சிலவற்றுக்குக் கடைசி வயது உண்டு. பிசிஜியை ஒரு வயதுக்குள் போட்டுவிட வேண்டும். பென்டாவையும் ரோட்டாவையும் ஒரு வயதுக்குள் தொடங்கிவிட வேண்டும். எம்ஆர் 5 வயது வரை போடலாம். 16 முதல் 24 மாதத்திலும், மறுபடி 5 வயதிலும் தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரண ஜன்னி மூன்றுக்குமான முத்தடுப்பு ஊசி. பிறகு 10 வயதிலும் 16 வயதிலும் ரண ஜன்னிக்கும் தொண்டை அடைப்பானுக்குமான டிடி. பள்ளிக்கூடம் போகும் வயது வந்ததும் அட்டையைப் பரணில் போட்டுவிடுகிறோம், இந்தக் கடைசி மூன்றும்தான் அதிகம் விட்டுப்போகின்றன.

அந்தப் பெண்ணிடம் இதையெல்லாம் பஸ் நிலையத்தில் சொல்ல நேரமில்லை. பையன் ஏழு மாதம்தான், பென்டாவை இன்னும் தொடங்கலாம், 9 மாதம் முடிந்ததும் எம்ஆர் போடலாம் என்று மட்டும் சொன்னேன். "புதன்கிழமை புதன்கிழமை நம்ம ஊர்ல போடுவாங்க, நாங்க அங்க இருப்போமேங்க" என்றார். பெங்களூரிலும் அரசு மையத்தில் இதே ஊசிகள்தான், காசு கிடையாது, தமிழ்நாட்டு அட்டையைக் காட்டினால் அதைப் பார்த்தே அடுத்ததைப் போடுவார்கள் என்றேன். அட்டை எங்கே என்று கேட்டதற்கு, பெட்டியின் அடியிலிருந்து பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்த தாய் சேய் நல அட்டையை எடுத்துக் காட்டினார். பிறந்த அன்று போட்ட மூன்றும் தேதியோடு அதில் இருந்தன. அதன் கீழே எல்லாக் கட்டங்களும் காலி. கர்நாடகத்தில் அதைத் தாயி கார்டு என்பார்கள், அந்தப் பேரைச் சொல்லிக் கேளுங்கள் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே பஸ் வந்துவிட்டது. அவர் அட்டையை மறுபடி பெட்டிக்குள் வைக்கவில்லை, கைப்பையில் வைத்துக்கொண்டு ஏறினார்.